‘தெரியும்’ என்று சொல்லியிருக்கக் கூடாது

எதிர்வீட்டுத் தாத்தா இறந்துபோனது ஒரு பிப்ரவரி மாதம். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. இத்தாலிக்கு வந்து, டூரினில் (ஊர்க்காரர்கள் வாயில் அது தோரினோ) குடியேறி அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மொழி வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம். துக்கம் கேட்கப் போகாமல் இருக்க முடியாது. எங்கள் மாடியிலேயே இரண்டு வீடுதான். என்ன சொல்வது என்று சமையலறையில் நின்று மனசுக்குள் வாக்கியத்தைக் கட்டினேன். ஆங்கிலத்தில் யோசித்து, அதை இத்தாலியனில் மாற்றி, இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்த அந்த அம்மாவிடம் சொன்னேன்: “சப்பேவோ தி சுவோ மரீத்தோ.”

உங்கள் கணவர் விஷயம் கேள்விப்பட்டேன் என்று சொல்வதாக என் நினைப்பு. அந்த அம்மாவின் முகம் மாறியது. அது துக்கம் இல்லை, வேறு ஏதோ. என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, “கே கோசா சப்பேவா?” என்று கேட்டார். என்ன தெரியும் உங்களுக்கு?

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “மி திஸ்பியாச்சே, மி திஸ்பியாச்சே” என்று இரண்டு தடவை வருத்தம் சொல்லிவிட்டு, கையில் கொண்டுபோன பழத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொன்னபோது எங்கள் ஆசிரியைக்கு முதலில் சிரிப்பு வந்தது, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். நான் சொல்லியிருக்க வேண்டியது ‘ஓ சப்பூத்தோ’. அதற்குத்தான் கேள்விப்பட்டேன், தெரியவந்தது என்று பொருள். ‘சப்பேவோ’ என்றால் ஏற்கெனவே தெரியும், ரொம்ப நாளாகத் தெரியும். “உங்கள் கணவரைப் பற்றி எனக்கு முன்னாடியே தெரியும்” என்று, புருஷன் செத்து இரண்டு நாள்கூட ஆகாத ஒரு பெண்ணிடம் வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன். அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தால் எனக்குக் காது சூடாகும்.

இத்தாலிய இலக்கணத்தில் சாதாரணமாகச் செய்தி சொல்லும் வினைகளுக்கு, அவர்கள் கணக்கில் ‘இந்திகாத்தீவோ’, மொத்தம் 8 காலங்கள். அதில் 5 இறந்தகாலம். நிகழ்காலத்துக்கு ஒன்று, வரப்போவதற்கு இரண்டு, மிச்சமெல்லாம் நடந்து முடிந்ததற்கு. நம் நன்னூல் காலம் மூன்றே என்று ஏகாரம் போட்டு முடித்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில் வளர்ந்தவளுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

ஐந்தில் தினசரிப் பேச்சுக்கு இரண்டு போதும். ஒன்று ‘பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ’, அண்மை இறந்தகாலம். துணைவினை ஒன்றை முன்னால் வைத்து உருவாக்குவது: ‘ஓ மஞ்ஜாத்தோ’, சாப்பிட்டேன். இன்னொன்று ‘இம்பெர்ஃபெத்தோ’. பெயரின் நேர்ப்பொருள் முற்றாதது. ‘மஞ்ஜாவோ’. இதற்குத் தமிழ் என்ன என்பதில்தான் என் கதை முழுக்க இருக்கிறது. மூன்றாவது ‘பஸ்ஸாத்தோ ரெமோத்தோ’, சேய்மை இறந்தகாலம். கதைப் புத்தகத்திலும் சரித்திரப் பாடத்திலும் இருப்பது. அதற்கு அப்புறம் வருகிறேன். நான்காவது, ‘த்ராபஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ’, நம் ‘சாப்பிட்டிருந்தேன்’. எந்தத் தொந்தரவும் தராத பிள்ளை. ஐந்தாவது ‘த்ராபஸ்ஸாத்தோ ரெமோத்தோ’. அதை எங்கள் ஆசிரியை கரும்பலகையில் ஒரு தடவை எழுதினார், அழித்தார், அதோடு சரி.

முதல் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல எல்லா ஆசிரியர்களும் ஒரே உவமையைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள் போல. ப்ரோஸ்ஸிமோ ஃபோட்டோ, இம்பெர்ஃபெத்தோ வீடியோ. புள்ளி, கோடு. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். நான் இதை நம்பி எழுதிய முதல் வாக்கியம், “கும்பகோணத்தில் 26 வருடம் இருந்தேன்.” 26 வருடம் எப்படி ஃபோட்டோ ஆகும்? நீளமான வீடியோ அல்லவா? ஆகவே இம்பெர்ஃபெத்தோ போட்டு ‘விவேவோ’ என்று எழுதினேன். சிவப்பு மையில் கோடு விழுந்தது. சரியானது ‘ஓ விஸ்ஸூத்தோ’. 26 வருடம் என்று எண் சொல்லிவிட்டாய் அல்லவா, பெட்டியை மூடிவிட்டாய் என்றார் ஆசிரியை. எவ்வளவு நீளம் என்பது கேள்வியே இல்லை. 300 வருடம் ஆண்ட வம்சமானாலும், ஆண்டது 300 வருடம் என்று கணக்கு முடித்துவிட்டால் அது மூடிய பெட்டிதான். அதே கும்பகோணத்தை, “அப்போது நான் கும்பகோணத்தில் இருந்தேன், ஒரு நாள் தந்தி வந்தது” என்று தொடங்கினால் ‘விவேவோ’. பெட்டி திறந்திருக்கிறது, உள்ளே இன்னும் ஏதோ நடக்கப்போகிறது.

இந்த இடத்தில் தமிழ் எனக்குக் கைகொடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டுமே நமக்கு ‘இருந்தேன்’தான். ஆகவே நானாக ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். வாக்கியத்துக்குள் ‘ஆக மொத்தம்’ என்ற சொல்லை நுழைத்துப் பார்ப்பது. ஆக மொத்தம் 26 வருடம் இருந்தேன், பொருந்துகிறது, ப்ரோஸ்ஸிமோ. ஆக மொத்தம் மூன்று தடவை போனேன், அதுவும் ப்ரோஸ்ஸிமோ. ‘அந்தச் சமயத்தில்’ என்பது இயல்பாக ஒட்டினால் இம்பெர்ஃபெத்தோ. எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி, ஆனால் பத்துக்கு எட்டு தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

அடுத்த வாரம் வீட்டுப்பாடம்: உன் குழந்தைப்பருவம் பற்றி ஒரு பக்கம் எழுது. இத்தாலியன் படிக்கும் எல்லாரும் எழுதித் தீர வேண்டிய கட்டுரை இது. நானும் எழுதினேன். காவிரியில் குளித்தோம், படித்துறையில் உட்கார்ந்து புளியங்காய் தின்றோம், பாட்டி கதை சொன்னாள். எல்லாவற்றையும் ப்ரோஸ்ஸிமோவில். ஆசிரியை படித்துவிட்டு, “அழகான நாள். அது எந்த நாள்?” என்று கேட்டார். ஒரே ஒரு நாள் ஆற்றுக்குப் போய், ஒரே ஒரு தடவை புளியங்காய் தின்று, பாட்டி ஒரே ஒரு கதை சொல்லிவிட்டுப் படுத்துவிட்டதாக என் குழந்தைப்பருவம் ஆகியிருந்தது.

அன்று ராத்திரி அம்மாவோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள்: “அப்பல்லாம் நீங்க மூணு பேரும் விடிகாலையிலயே ஆத்துக்குப் போயிடுவீங்க. ஒம்போது மணி வரைக்கும் குளிப்பீங்க. உங்க பாட்டி படித்துறைல நின்னு கத்துவா.”

போயிடுவீங்க. குளிப்பீங்க. கத்துவா.

பாட்டி இறந்து பல வருடம் ஆயிற்று. அந்த ஆற்றில் இப்போது வருடத்தில் சில மாதம்தான் தண்ணீர். ஆனால் அம்மா சொன்ன அத்தனை வினையும் எதிர்காலம். எங்கள் வீட்டில் எல்லாரும் பழைய கதை பேசும்போது இப்படித்தான் பேசுவோம் (பாருங்கள், இதிலும் அதேதான்). தாத்தா தினமும் நாலு மணிக்கு எழுந்துவிடுவார். எதிர்த்த வீட்டு மாமி மாவு கேட்டு வருவாள். வழக்கமாக நடந்தது எல்லாவற்றுக்கும் நாம் ‘வரும்’, ‘போகும்’, ‘செய்வார்’ போட்டு வருகிறோம், அது எதிர்காலம் என்று ஒரு கணம்கூட உறைப்பதில்லை.

பள்ளியில் தலையில் கொட்டி மனப்பாடம் செய்யவைத்த நன்னூல் சூத்திரம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. “விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும் பிறழவும் பெறூஉம் முக்காலமும் ஏற்புழி.” காலங்கள் இடம் மாறலாம், காரணம் இருந்தால். கடைசியாக நிற்கும் அந்த ‘இயல்பு’க்கு உரைக்காரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, “யாம் பண்டு விளையாடுவது இக்கா.” பண்டு என்கிறது, விளையாடுவது என்கிறது. முன்பு விளையாடிய சோலை. பவணந்தியார் இதை வழு என்று தள்ளாமல் அமைதி சொல்லி உள்ளே விட்டிருக்கிறார்.

உடனே நோட்டை எடுத்து, ஆங்கிலத்தைத் தொடாமல், கட்டுரையை முதலில் தமிழில் எழுதினேன். பேசுகிற மாதிரி. எங்கெல்லாம் ‘குளிப்போம்’, ‘தின்போம்’, ‘சொல்லுவாள்’ என்று வந்ததோ அங்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இம்பெர்ஃபெத்தோ. ‘ஃபச்சேவாமோ இல் பாஞோ நெல் ஃபியூமே’, ஆற்றில் குளிப்போம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ‘ஒரு நாள் தம்பி வழுக்கி விழுந்துவிட்டான்’ என்று வந்தது. அதற்கு ப்ரோஸ்ஸிமோ. ஒரு தப்பு இல்லாமல் திரும்பி வந்தது அந்தக் கட்டுரை.

ஒரே உருவத்துக்குள் இத்தாலியர்கள் நம்முடைய மூன்றை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம் புரிந்தது. வழக்கத்துக்கு ‘குளிப்போம்’. நடந்துகொண்டே இருந்ததற்கு ‘குளித்துக்கொண்டிருந்தோம்’. வர்ணனைக்கு ‘தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது’. மூன்றுமே இம்பெர்ஃபெத்தோ. நேற்று மழை ‘பியோவேவா’ என்று யாராவது சொல்லிவிட்டு நிறுத்தினால், கேட்பவர் அடுத்து என்ன என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மழை பெய்துகொண்டிருந்தது, சரி, அப்போது என்ன ஆயிற்று? ‘ஆ பியோவூத்தோ’ என்றால் மழை பெய்தது, விட்டது, சேதி முடிந்தது.

இப்போது அந்தத் துக்க வீட்டு வாசலுக்குத் திரும்பிப் போகலாம். இந்தக் கட்டுரையின் இரண்டாவது வாக்கியத்தில் ‘எனக்கு விஷயம் தெரிந்தது’ என்று எழுதியிருக்கிறேன். அதை நீங்கள் யாரும் முன்னாடியே தெரியும் என்று எடுத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். தாளைப் பார்த்தேன், அந்தக் கணத்தில் தெரிந்தது. முன்பே தெரியும் என்றால் ‘தெரியும்’ என்றோ ‘தெரிந்திருந்தது’ என்றோ எழுதியிருப்பேன். ஆக சப்பூத்தோவும் சப்பேவோவும் என் தாய்மொழியில் தனித்தனியாக, சுத்தமாக, சின்ன வயதிலிருந்தே இருக்கின்றன. குறுக்கே நின்றது ஆங்கிலம். அதில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சொல். நான் பன்னிரண்டு வருடம் ஆங்கில வழியில் படித்த பெருமையோடு அந்த ஒரு சொல்லின் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தேன்.

இதைக் கண்டுபிடித்த பிறகு ஒரு வெறியே வந்துவிட்டது. காலம் மாறினால் பொருளும் மாறும் வினைகள் என்று இத்தாலியப் பாடப்புத்தகங்கள் ஒரு தனிப் பாடம் வைத்திருக்கும், மாணவர்கள் அதைப் பார்த்து நடுங்குவார்கள். எனக்கு ஒவ்வொன்றுக்கும் வீட்டுத் தமிழிலேயே ஜோடி கிடைத்தது. ‘கொனொஷேவோ’, அவரை எனக்குப் பழக்கம். ‘ஓ கொனொஷூத்தோ’, அவர் எனக்கு அறிமுகமானார்.

‘தொவேவோ பகாரே’ எனக்குத் தனியாகப் பாடம் கற்பித்தது. பேருந்தில் சீட்டை இயந்திரத்தில் முத்திரை குத்தாமல் விட்டதற்கு அபராதம் கட்டியிருந்தேன். அது சம்பந்தமாக ஒரு அலுவலகத்தில் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. “தொவேவோ பகாரே லா மூல்தா” என்றேன். அபராதம் கட்டும்படி ஆயிற்று என்று நினைத்துச் சொன்னேன். கவுன்டரில் இருந்தவர், “சரி, கட்டினீர்களா?” என்றார். அதைத்தானே சொல்கிறேன் என்று மறுபடி “தொவேவோ பகாரே” என்றேன். “கட்ட வேண்டியிருந்தது, புரிகிறது. கட்டினீர்களா, இல்லையா?” இப்படி மூன்று சுற்று. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. கட்ட வேண்டியிருந்தது என்பது தொவேவோ, கட்டினேனா என்பது அதில் இல்லை. கட்ட வேண்டியதாயிற்று, கட்டித் தொலைத்தேன் என்பதற்கு ‘ஓ தொவூத்தோ பகாரே’.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது என் மகன் விஷயமாகக் கற்றுக்கொண்டது. மழலையர் பள்ளியில் அவனைக் கூட்டிவரப் போகும்போது, மத்தியானம் சாப்பிட்டானா என்று ஆசிரியை சொல்வார். ஒரு நாள், “நொன் வொலேவா மஞ்ஜாரே.” இன்னொரு நாள், “நொன் ஆ வொலூத்தோ மஞ்ஜாரே.” இரண்டும் ஆங்கிலத்தில் சாப்பிட விரும்பவில்லை என்றுதான் வரும். நம் பாஷையில் பாருங்கள். முதலாவது, சாப்பிட மாட்டேன் மாட்டேன் என்றுகொண்டிருந்தான். அப்புறம் நைஸ் பண்ணி ஊட்டியிருக்கலாம், ‘போய் ஆ மஞ்ஜாத்தோ’ என்று பெரும்பாலும் பின்னாலேயே வரும். இரண்டாவது, மாட்டேன் என்றுவிட்டான். முடிந்தது, பிள்ளை பட்டினி, வீட்டுக்குப் போனதும் தயிர்சாதம் பிசைய வேண்டும்.

அதே பள்ளியிலிருந்து அவன் இன்னொரு இம்பெர்ஃபெத்தோவையும் கொண்டுவந்தான். விளையாட ஆரம்பிக்கும்போது பிள்ளைகள் வேஷம் பிரித்துக்கொள்கிறார்கள் அல்லவா? “இயோ ஏரோ இல் தொத்தோரே, து ஏரி இல் மலாத்தோ.” நான் டாக்டராக இருந்தேன், நீ நோயாளியாக இருந்தாய். இன்னும் ஆட்டமே தொடங்கவில்லை, அதற்குள் இறந்தகாலம் எப்படி வந்தது என்று விழித்தேன். அப்புறம் எங்கள் தெருவில் நாங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. “நான்தான் டாக்டராம், நீ பேஷன்டாம்.” அந்த ‘ஆம்’ செய்கிற வேலையை இங்கே இம்பெர்ஃபெத்தோ செய்கிறது. நிஜத்திலிருந்து ஒரு படி தள்ளி நிற்கிறேன் என்று காட்டும் வேலை. கனவைச் சொல்லும்போதும் இதேதான். கடையில் போய் மரியாதையாகக் கேட்கும்போதும் ‘வொலேவோ உன் கஃப்ஃபே’ என்பார்கள். ஒரு காபி வேண்டியிருந்தது என்று நேற்றைக்குத் தள்ளிச் சொன்னால் பணிவாம். இதற்குக் காபிக் கடைக்காரர்களிடம் ஒரு பழைய ஜோக் இருக்கிறது: “வேண்டியிருந்ததா? அப்போ இப்போ வேண்டாமா?” முதல் தடவை கேட்டபோது நான் பயந்து மன்னிப்புக் கேட்டேன்.

ப்ரோஸ்ஸிமோவின் துணைவினைத் தகராறை நீட்டி எழுதினால் நீங்கள் ஓடிவிடுவீர்கள். ஒரு விஷயம் மட்டும். போவது, வருவது, பிறப்பது, இறப்பது மாதிரி வினைகளுக்குத் துணைவினை மாறும். அப்போது சொல்பவர் ஆணா பெண்ணா என்பது வினையிலேயே தெரியும். ஆண் ‘சோனோ அந்தாத்தோ’, பெண் ‘சோனோ அந்தாத்தா’. தமிழில் ‘போனேன்’ என்பதற்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. என் கணவர் எனக்கு முன்னால் இங்கே வந்தவர், அவர் பேசுவதைக் கேட்டுத்தான் நான் முதலில் பழகினேன். விளைவு, ஆறு மாதம் நான் எல்லா இடத்துக்கும் ஆணாகப் போய்வந்திருக்கிறேன். ஒருவரும் திருத்தவில்லை.

இனி அந்தச் சேய்மை இறந்தகாலம். எதிர்வீட்டுத் தாத்தாவிடம்தான் அதை முதலில் கேட்டேன், அது என்னவென்று தெரியாமலே.

அவர் சிசிலிக்காரர். அக்ரிஜென்தோ பக்கத்துக் கிராமம். ஃபியட்டின் மிராஃபியோரி தொழிற்சாலைக்காக 1960களில் தெற்கிலிருந்து ரயிலேறி வந்த பெருங்கூட்டத்தில் அவரும் ஒருவர். மனைவி இந்த ஊர்க்காரர். நான் குப்பை கொட்ட முற்றத்துக்கு இறங்கும்போதெல்லாம் அவர் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் மகன் தலையைத் தடவி, “மஞ்ஜாஸ்தி?” என்பார். சாப்பிட்டியா? எந்த ஊரிலும் தாத்தாக்கள் கேட்கும் கேள்விதான். ஆனால் வகுப்பில் கற்றதற்கு இது பொருந்தவில்லை. ‘ஆய் மஞ்ஜாத்தோ’ என்றல்லவா இருக்க வேண்டும்? கீழே இருந்து வீட்டு மணியை அழுத்திவிட்டு ஒலிபெருக்கியில் “அர்ரிவாய்!” என்று கத்துவார். வந்துட்டேன்! வட்டார வழக்கு ஏதோ என்று விட்டுவிட்டேன்.

வகுப்பில் ரெமோத்தோ பாடம் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கரும்பலகையில் இத்தாலியக் கவிஞர் தாந்தே நின்றார். 1265இல் பிறந்தார், ‘நாக்வே’. 1321இல் இறந்தார், ‘மொரீ’. நமக்கும் அந்த நிகழ்வுக்கும் ஒட்டும் உறவும் அற்றுப்போனால் இந்தக் காலம் என்றார் ஆசிரியை. நேற்று நடந்தாலும் என் மனசுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் ப்ரோஸ்ஸிமோ. தன் தாய் இறந்து முப்பது வருடம் ஆகிறது, இன்றைக்கும் ‘ஏ மோர்த்தா’ என்றுதான் சொல்வேன், ‘மொரீ’ என்று என் வாயில் வராது என்றார். சொல்லிவிட்டு உடனே பக்கத்தைத் திருப்பினார். அப்படியானால் தாந்தேயின் பிறப்புக்கும் எங்கள் எதிர்வீட்டுக்காரர் இரண்டு நிமிடம் முன்பு படியேறியதற்கும் எப்படி ஒரே காலம்?

பதில் மொழியின் பூகோளத்தில் இருக்கிறது. தோரினோ உள்ளிட்ட வடக்கில் பேச்சில் ரெமோத்தோ இல்லவே இல்லை. இந்தப் பகுதியின் சொந்த மொழியான பியெமொந்தேசேயிலேயே அது எப்போதோ உதிர்ந்துவிட்டது. போன மாதமோ போன நூற்றாண்டோ, எல்லாம் ப்ரோஸ்ஸிமோ. தெற்கே சிசிலியில் நேர்மாறு. நடந்தது முடிந்ததா, அப்படியானால் ரெமோத்தோ, இன்று காலை என்றாலும் சரி. நடுவில் தொஸ்கானாக்காரர்கள்தான் இரண்டையும் புத்தகத்தில் இருக்கிறபடி பிரித்துப் பேசுகிறவர்கள். புத்தகமே அவர்கள் பேச்சை வைத்து எழுந்ததுதானே.

வடக்கத்திப் பிள்ளைகளுக்கு ரெமோத்தோ பெரும்பாலும் கதைகளின் மொழி, ஆரம்பப் பள்ளியில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிற விஷயம். ஒப்பிக்காமல் வராது. ‘எழுது’ என்ற வினையில் நான் ‘ஸ்க்ரிஸ்ஸி’, நீ ‘ஸ்க்ரிவெஸ்தி’, அவன் ‘ஸ்க்ரிஸ்ஸே’. நானும் அவனும் அவர்களும் ஒரு பக்கம் கோணலாகப் போவோம், நீயும் நாமும் நீங்களும் நேராகப் போவீர்கள். ஏன் என்று கேட்கக் கூடாது.

கதைமொழி என்றதும் பினோக்கியோவைச் சொல்லாமல் போக முடியாது. ஃப்ளோரன்ஸ்காரரான கொல்லோதி 1881இல் சிறுவர் பத்திரிகையில் தொடராக எழுத ஆரம்பித்த கதை. மகனுக்கு வாசித்துக் காட்டும்போதுதான் கவனித்தேன், முதல் சில வரிகளிலேயே மூன்று இறந்தகாலங்களும் வந்துவிடுகின்றன. ‘ச்சேரா ஊனா வோல்த்தா’, ஒரு ஊரிலே இருந்ததாம், இது இம்பெர்ஃபெத்தோ. உடனே ராஜா என்று சொல்லப்போகும் பிள்ளைகளை நிறுத்தி, ‘அவேத்தே ஸ்பல்யாத்தோ’, தப்பாகச் சொல்லிவிட்டீர்கள். இது ப்ரோஸ்ஸிமோ, ஏனென்றால் கதையைவிட்டு வெளியே வந்து எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் பேசுகிறார். இருந்தது ராஜா இல்லை, ஒரு மரத்துண்டு. அந்த மரத்துண்டு ஒரு நாள் கிழட்டுத் தச்சர் ஒருவரின் பட்டறைக்கு வந்துசேர்ந்தது, ‘கப்பித்தோ’, ரெமோத்தோ. கதை நகரத் தொடங்கிவிட்டது. தச்சரின் மூக்கு நுனி எப்போதும் பழுத்த செர்ரி மாதிரி சிவந்திருக்கும், மறுபடி இம்பெர்ஃபெத்தோ. எட்டு மாதம் வகுப்பில் உட்கார்ந்து கற்றதை அந்த மனிதர் அரைப் பக்கத்தில் செய்து காட்டிவிட்டுப் போய்விட்டார்.

போன வருடம் ஜூலையில் பலெர்மோ போனோம். அங்கே யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெரிந்தவர் மூலம் ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். வீட்டுக்காரி என்னைவிட இளையவள். “வாங்கோ அக்கா” என்று கூப்பிட்ட நிமிடத்திலிருந்து திரும்பும்வரை எங்களை ஒரு வேலை செய்யவிடவில்லை. மலையில் இருக்கும் புனித ரோசாலியா கோயிலுக்கு, சைவர்களானாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் போய்விடுவார்களாம். மோந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் சந்தைக்காரர்களோடு அவள் பேசிய இத்தாலியனைக் கேட்டுக்கொண்டே வந்தேன். காலையில் போனேன், ‘அந்தாய்’. இப்போதுதான் வாங்கினேன், ‘கொம்ப்ராய்’. எங்கள் வகுப்பில் எல்லாரும் பயந்து நடுங்கும் ரெமோத்தோ அவள் வாயில் சுண்டல் மாதிரி கொறிபட்டது. ப்ரோஸ்ஸிமோ எப்போது, ரெமோத்தோ எப்போது என்று எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

“நான் உதெல்லாம் படிக்கேல்லை அக்கா. வேலை செய்யிற வீடுகளில கேட்டுக் கேட்டுப் பழகினனான்.”

பழகினனான். அவள் ‘பழகினேன்’ என்பதற்கு ‘பழகினன்’ என்றும் சொல்கிறாள், ‘பழகினனான்’ என்றும் சொல்கிறாள். இரண்டு நாளாக இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தன், வந்தனான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். யோசித்தாள். “ரெண்டும் ஒண்டுதானே அக்கா” என்றாள். கொஞ்சம் கழித்து, “இல்லை, ஒண்டில்லை” என்றாள். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. ஆனால் எந்த இடத்திலும் அவள் தடுமாறவில்லை. கும்பகோணத்துக்காரி நான் முயன்று பார்த்தபோது ஒவ்வொரு தடவையும் சிரித்தாள், அவ்வளவுதான்.

நம் மொழிக்கு இலக்கணம் எழுதிய வீரமாமுனிவர் வட இத்தாலியில், காஸ்தில்யோனே என்ற ஊரில் 1680இல் பிறந்தவர். செந்தமிழுக்கு ஒன்று, பேச்சுத்தமிழுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதினார். யாரையாவது இப்படிக் கேள்வி கேட்டுத் துளைத்துத்தான் எழுதியிருப்பார், அவர்களும் “ரெண்டும் ஒண்ணுதான் சாமி” என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று மலையிறங்கும்போது தோன்றியது. அவர்மேல் அன்றைக்கு ஒரு தனிப் பிரியமே வந்துவிட்டது.

பலெர்மோவிலிருந்து கொண்டுவந்த இனிப்பில் ஒரு பொட்டலத்தை எதிர்வீட்டு அம்மாவுக்குக் கொடுக்கப் போனேன். அதற்குள் நாங்கள் ஓரளவு நெருங்கியிருந்தோம். உள்ளே உட்காரச் சொன்னார். அங்கே எல்லாரும் உங்கள் கணவர் மாதிரியே பேசுகிறார்கள் என்றேன். சிரித்தார். ‘அர்ரிவாய்’ என்று கீழே இருந்து கத்துவாரே, என்றார். வொலேவா, தொர்னாவா, திச்சேவா என்று அடுக்கிக்கொண்டே போனார். இப்படிச் சொல்லுவார், இந்த நாற்காலியில்தான் உட்காருவார், காபியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்வார். என் காதில் அது நேராகத் தமிழாகவே விழுந்தது.

நான் அந்தப் பழைய வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்க நல்ல சமயம் என்று நினைத்தேன். அன்று ‘ஓ சப்பூத்தோ’ என்று சொல்ல வந்து ‘சப்பேவோ’ என்று உளறிவிட்டேன், வகுப்பில் ஆசிரியை விளக்கிய பிறகுதான் புரிந்தது என்றேன்.

அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். “நான் வேறு நினைத்தேன்” என்றார். கணவருக்கு இதய ஆபரேஷன் நடந்த வருடம் டாக்டர் சிகரெட்டை விடச் சொல்லிவிட்டாராம். விட்டாச்சா என்று இவர் ஒரு நாள் கேட்டிருக்கிறார். ‘ஸ்மிஸி’ என்றிருக்கிறார் அவர். விட்டேன். ரெமோத்தோ.

“எனக்கு அது எப்படிக் கேட்கும் சொல்லுங்கள். நான் தோரினோக்காரி. ஸ்மிஸி என்றால் என்றைக்கோ விட்டு, மறந்தே போன சமாச்சாரம். அவருக்கு அது அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் விட்டதாகக்கூட இருக்கலாம். செத்த மறுநாள் கோட்டுப் பையில் பெட்டி இருந்தது.” அப்புறம், “ஃபுமாவா” என்றார். பிடிப்பார். பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “நீங்கள் வந்து சப்பேவோ என்றதும், இந்த இந்தியப் பெண்ணுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். உங்களுக்குத் தெரியாதுதானே?”

குப்பைத் தொட்டிகள், சாயங்காலம், பின்னால் போகும் அந்தக் கை.

“லோ சப்பேவோ, சிஞோரா” என்றேன்.